டிரில் வாத்தியாரின் முதுகெலும்பு

முதுகெலும்பு நேராக நிற்கும் வரைக்கும் ஒரு ஜனம் வீழாது என்பதும், நிமிர்ந்து நிற்கிறவனைக் கம்பு தொடாது என்பதும், வீரம், ஒழுக்கம், பக்தி மூன்றும் மனிதனுடைய பிடரியில் தொடங்கி இடுப்பில் முடிகின்றன என்பதும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து வாக்கில் ஜெபநல்லூரில் எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்த உண்மைகள். அந்த உண்மைகளைக் கண்டுபிடித்துச் சொன்ன அருமைநாயகம் வாத்தியாருடைய முதுகெலும்பு, 1911 டிசம்பரிலிருந்து 1914 ஆடி மாதத்துக்குள் இரண்டே முக்கால் அடி நீண்டது. கால் நீளவில்லை, கை நீளவில்லை, கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் மட்டும்தான் நீண்டது. அதே மூன்று வருஷத்தில் கருப்பட்டி விலையும் ஏறியது. ஊரில் அதிகம் பேசப்பட்டது கருப்பட்டிதான்.

ஜெபநல்லூர், தாமிரபரணியின் தென்கரையில், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே மாட்டுவண்டியில் அரைநாள் தூரத்தில் இருந்த மிஷன் ஊர். ஒரு ஆலயம், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு தெரு. அருமைநாயகம் வாலிபத்தில் ஆற்று மணலில் சிலம்பம் பழகியவர். அந்தக் காலத்தில் முதல் ஆறு மாதம் கையில் கம்பே தரமாட்டார்கள். நிற்க மட்டும்தான் பழக வேண்டும். மூக்கும் தொப்புளும் முன்காலின் பெருவிரலும் ஒரே நூலில் நிற்க வேண்டும், தோள் இறங்கியிருக்க வேண்டும், முட்டி இளகியிருக்க வேண்டும், உடம்பின் பாரம் இரண்டு உள்ளங்காலுக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் முதுகு தானாக நிமிரும். அதாவது முதுகு கடைசி. ஆனால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு முட்டி தெரியாது, பாரம் தெரியாது, முதுகுதான் தெரியும். "என்ன நிமிர்வுவே!" என்று ஒருவர் சொன்னார். மறுவாரம் நாலு பேர் சொன்னார்கள். அருமைநாயகம் கடைசியில் இருந்த முதுகை எடுத்து முதலில் வைத்துக்கொண்டார். நெஞ்சை முன்னே தள்ளினார், தோளைப் பின்னே இழுத்தார், முட்டியைப் பூட்டினார், மூச்சை மேலே பிடித்து அங்கேயே வைத்துக்கொண்டார். பார்க்க ஆலயத்துக் கொடிமரம் மாதிரி இருந்தார்.

சிலம்பத்தில் ஆட்டம் தொடங்கும்முன் குனிந்து தரையைத் தொடுகிற வழக்கம் உண்டு. அது அஞ்ஞான வழக்கம் என்று அருமைநாயகம் அதை எடுத்துவிட்டு, நின்றபடியே ஒரு சல்யூட்டைச் சேர்த்தார். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அதுதான் பிடித்துப்போனது. சிலம்பம் தேகாப்பியாசம் என்று பெயர் மாறியது, அருமைநாயகம் டிரில் வாத்தியார் ஆனார். ஊர் உபதேசியார் ஞானையா, ஒரு பேனாவும் நிறைய ஓய்வும் உள்ளவர், 'முதுகெலும்பும் மோட்சமும்' என்று பதினாறு பக்கத்தில் ஒரு சிறுபுத்தகம் எழுதி அச்சடித்தார். அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு படம் போட்டிருந்தது. வலதுபக்கம் நிமிர்ந்து நிற்கிறவன், கீழே 'ஞானி' என்று எழுத்து. இடதுபக்கம் கூனி உட்கார்ந்திருக்கிறவன், கீழே 'அஞ்ஞானி'. கூனியவனுக்கு மாதிரி தேடிப் படம் போடுகிறவர் ரொம்ப தூரம் போகவில்லை. பக்கத்தில் பாவடிப்பேட்டையில் தறியில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்து வரைந்துவிட்டார்.

பாவடிப்பேட்டையில் அறுபது வீடு, எல்லாரும் நெசவுக்கார முஸ்லிம்கள், எல்லார் வீட்டிலும் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு மிதிபலகையை மிதித்துக்கொண்டு, தரை மட்டத்தில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். முப்பது வயதுக்குள் தோள் வளைந்துவிடும். இரண்டு ஊருக்கும் நடுவில், ஆற்றங்கரையில், ஒரு மருதந்தோப்பு இருந்தது. காலையில் வெயில் ஏறுவதற்குள் நெசவுக்காரர்கள் அந்த நிழலில் பாவை, அதாவது தறியில் ஏற்றுகிற நெடுக்குநூலை, நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி நிழலில் பையக் காய்ந்தால் நூல் உறுதிப்படும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் முறுகிப் பொட்டுப் பொட்டென்று அறும். அதே நிழல், அதே நேரம், டிரிலுக்கும் வேண்டும் என்று பள்ளிக்கூடம் கேட்டது. ஒரு வருஷம் மனு, மறு வருஷம் பதில் மனு. கடைசியில் மன்னர் முடிசூட்டு தர்பார் நாளன்று, ஜனங்களுக்கு வேடிக்கையாகவும் ஆச்சு, வழக்கு தீர்ந்ததாகவும் ஆச்சு என்று, ஒரு சிலம்ப ஆட்டத்தில் முடித்துக்கொள்வதாக இரண்டு ஊரும் ஒப்புக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு அருமைநாயகம். பாவடிப்பேட்டைக்குக் காஜா முகைதீன். ஞானையாவின் புத்தகத்தில் இடதுபக்கம் இருந்தவர் இவர்தான்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆட்டத்தின் விதி இது. கம்பு நுனியில் துணி சுற்றி, கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்துப் பூசுவார்கள். யார் உடம்பில் முதலில் கரிப்பொட்டு விழுகிறதோ அவன் தோற்றான். பொட்டைத் தேடிப் பார்க்க நடுவர் கிடையாது. பட்டவன்தான் சொல்ல வேண்டும். "பட்டுது" என்று வாய்விட்டுச் சொல்லி, குனிந்து, தன் கம்பை எதிராளியின் காலடியில் படுக்க வைக்க வேண்டும். நின்றபடி போட்டால் செல்லாது, சாய்த்து வைத்தால் செல்லாது, வெறும் வாயால் சொன்னாலும் செல்லாது. சுற்றி நிற்கிறவன் கண்ணால் கண்டாலும் வாய் திறக்கக் கூடாது. பட்டவன் வாய்க்குள் கையை விடுவது போன்ற அசிங்கம் அது. அப்படித் திறந்த ஒருவரை அதன் பிறகு எந்த ஊரிலும் ஆட்டம் பார்க்கச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஆள் போகவில்லை.

1911 டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலையில் தோப்பு நிறைந்திருந்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். ஞானையா முக்கால் மணி நேரம் பேசினார். அருமைநாயகம் நடுவில் போய் நின்று சல்யூட் அடித்தார். காஜா முகைதீன் தறியிலிருந்து எழுந்து வந்தவர், தோள் வளைந்தபடியே வந்தார். குத்தவைத்து உட்கார்ந்து, கைப்பிடி மண் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டார்.

"ஏலே காஜா, கீழ எதையும் தொலைச்சிட்டியா?" என்று ஜெபநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஆமாவே, ஒங்க வாத்தியாரு காலத் தேடுதேன். மேல மட்டுந்தான் வந்திருக்காரு போலுக்கு."

பாவடிப்பேட்டை சிரித்தது. ஜெபநல்லூர் அதைப் பேச்சுக் குற்றமாக எடுத்துக்கொண்டது. ஆட்டம் தொடங்கியபோது கவனித்துப் பார்த்த சிலருக்கு ஒரு விஷயம் புரிந்தது. காஜா முகைதீனின் தோள்தான் வளைந்திருந்ததே தவிர, இருபது வருஷம் மிதிபலகை மிதித்த கால்கள் இரண்டும் எலிக்குஞ்சு மாதிரி உயிரோடு இருந்தன. முட்டி இளகியிருந்தது. பாரம் முழுவதும் இடுப்புக்குக் கீழே இறங்கிப் படிந்திருந்தது. ஆறு மாதம் நிற்கப் பழகியவன் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றுகொண்டிருந்தவர் அவர்தான். அருமைநாயகம் அழகாக நின்றார். இரண்டு தடவை காஜா முகைதீன் கம்பைத் தாழ்த்தி நின்றுவிட்டு மறுபடி தொடங்கினார். பிறகு கம்பு சுற்றியபடி திரும்ப வேண்டியபோது அருமைநாயகத்தால் திரும்ப முடியவில்லை, ஏனென்றால் பூட்டின முட்டி திரும்பாது. வெற்று முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு ஈ உட்கார்ந்து எழுந்தது போல, பட்டது.

பட்டது அவருக்குத் தெரிந்தது. காஜா முகைதீன் இரண்டு எட்டுப் பின்வாங்கி, கம்பைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார். அருமைநாயகம் வாயைத் திறந்தார். 'பட்டுது' என்பது நாலு எழுத்து. பதினாறு பக்கம், முந்நூறு பிரதி, வலதுபக்கத்துப் படம் எல்லாம் அந்த நாலு எழுத்துக்கு முன்னால் வந்து நின்றன. அவர் வாயிலிருந்து இருமல்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காஜா முகைதீன் குனிந்து தன் கம்பை அவர் காலடியில் படுக்க வைத்தார்.

"நேரமாயிட்டு அண்ணாச்சி, தறி கெடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஞானையா கையைத் தூக்கினார், ஜெபநல்லூர் ஜே போட்டது.

சாயங்காலம் ஆற்றில் குளிக்கும்போது அருமைநாயகம் முதுகைப் படித்துறைக் கல்லில் வைத்துத் தேய்த்தார். கரி அழியாமல் ரொம்ப நாள் கிடக்கும் என்று பயந்திருந்தார். ஒரே தேய்ப்பில் போய்விட்டது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஆனால் ஈ போகவில்லை. அந்த இடத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருக்கிற கூச்சம் அன்றிலிருந்து நின்றபாடில்லை. கைக்கு எட்டாத இடம்.

மறுநாள் காலையில் வீட்டை விட்டு வெளியே வரும்போது வாசல் மேல்கட்டை நெற்றியில் இடித்தது. பதினைந்து வருஷம் போய் வந்த வாசல். குனியப் பார்த்தார், முதுகு குனியவில்லை. அவர் மனைவி இன்பமணி ஒரு கயிற்றை எடுத்து அளந்து பார்த்து, "ஒரு வெரக்கடை கூடியிருக்கிய" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். வியாழக்கிழமை தலைமையாசிரியர் அவரைப் பாராட்டிப் பேசினார், வெள்ளிக்கிழமை இன்னொரு விரற்கடை கூடியிருந்தது. அதிலிருந்து கணக்கு ஒழுங்காகப் போனது. யாராவது அவர் நிமிர்வைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் மறுநாள் நீளும், சொல்லாத நாளில் நீளாது. சொல்லாத நாள் அபூர்வமாக இருந்தது. சட்டை பற்றாமல் போனது, பிறகு கட்டில் பற்றாமல் போனது, பிறகு படுக்கவே முடியாமல் போனது. கொல்லையில் இரண்டு பனங்கட்டை நட்டு அவற்றுக்கு நடுவில் கயிறு கட்டிச் சாய்ந்து தூங்கினார். முதுகு நீண்டு கை நீளாததால், இரண்டாம் வருஷத் தொடக்கத்திலேயே அவர் கை அவருடைய இடுப்புக்கு எட்டவில்லை. வேட்டி கட்டிவிடுவதும் அவிழ்த்துவிடுவதும் இன்பமணியின் வேலையாயிற்று. அடிக்கடி தேவைப்படுகிற வேலை என்பதால் அவர் தூரமாக எங்கேயும் போவதில்லை.

ஊர் அதை இயல்பாகத்தான் எடுத்துக்கொண்டது. நல்ல நிமிர்வுக்கு நல்ல பலன். ஞானையா ஆலயத்துச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டு மாதாமாதம் அளந்து, சிறுபுத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் ஒரு அட்டவணை சேர்த்தார். திருச்செந்தூருக்குப் போகிற வண்டிகள் வழிமாறி வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயின. காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் கடற்கரையில் வந்து கையில் விளக்கோடு நிற்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். நற்கருணை நாளில் அவர் முழங்காலில் நிற்க முடியாததால் பாதிரியார் ஒரு முக்காலியின் மேல் ஏறி அப்பம் கொடுத்தார். அதையும் ஞானையா எழுதிக்கொண்டார். பாதிரியார் கீழே இருந்து மேலே பார்த்துக் கொடுத்த அப்பம் அருமைநாயகத்தின் வயிற்றுக்குப் போய்ச் சேர நேரமானது. வழி நீளம்.

எல்லாவற்றையும்விட மோசம், உயரம் கூடக்கூட அவருக்குத் தூரம் தெரிந்தது. 1912 சித்திரையில் தன் வீட்டுக் கொல்லையில் நின்றபடியே மருதந்தோப்பைப் பார்த்தார். அங்கே நிழலில் நாற்பது பிள்ளைகள் நெஞ்சைத் தள்ளி முட்டியைப் பூட்டி நின்றார்கள். ஆடியில் தோப்புக்கு அப்பால் பொட்டல் தெரிந்தது. அங்கே வெயிலில் பாவடிப்பேட்டை பாவு இழுத்துக் கட்டியிருந்தது. பிறகு ஆட்கள் தெரிந்தார்கள். அடுத்த வருஷம் முகங்கள் தெரிந்தன. காஜா முகைதீனின் மனைவி ஆபிதா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அறுந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போடுவது தெரிந்தது. ஒரு முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் நாலடி தள்ளி இன்னொன்று அறும். நெய்கிற நேரத்தைவிட முடிச்சுப் போடுகிற நேரம் அதிகமானது. முடிச்சு விழுந்த சேலையைத் தரகர்கள் கையால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பத்து வீட்டுக்காரர்கள் தறியைக் கழற்றி வைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். காஜா முகைதீனை அவருடைய ஊரிலேயே யாரும் முன்போல் கூப்பிடுவதில்லை. அவர்கள் எல்லாரும் தோப்பில் நின்று பார்த்தவர்கள்தான், என்ன நடந்தது என்று அறிந்தவர்கள்தான். இருந்தாலும் கம்பைக் குனிந்து வைத்தது காஜா முகைதீன் அல்லவா? அருமைநாயகம் கண்ணை மூடிப் பார்த்தார். மூடினால் ஈ.

அவர் சொல்லிப் பார்க்காமல் இல்லை. முதலில் ஞானையாவிடம் சொன்னார். ஞானையா ஏணியில் பாதி ஏறி நின்று அளந்துகொண்டிருந்த நேரம்.

"உபதேசியாரே, அன்னைக்கு எனக்குப் பட்டுதுவே. முதுவுல பட்டுது. நான் சொல்லல."

ஞானையா ஏணியிலேயே அசையாமல் நின்றார். அவர் கண் கலங்கியது. "படாதவன் பட்டுதுன்னு சொல்லுதான்! இதுதான்வே தாழ்மை. இத நான் எழுதாம விட்டா எனக்குப் பாவம்."

"தாழ்மை இல்லவே, நெசம்."

"பாத்தீரா, மறுபடியும்!"

மறுநாள் மூன்று விரற்கடை கூடியது. அறுப்பின் பண்டிகை அசன விருந்தன்று, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, அருமைநாயகம் சாட்சி சொல்ல எழுந்தார், அதாவது ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். சபை முழுவதும் கேட்க, தனக்குப் பட்டதையும் தான் இருமியதையும் சொன்னார். சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாதிரியார் அவருக்காக ஜெபித்தார், மோர் வந்தது. அன்றைக்கு ஐந்து விரற்கடை. தலைமையாசிரியரிடம் போய், நிழலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், டிரிலைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். வாத்தியாருடைய முதுகு வளர்ந்த நிழல், அதை விட்டுக்கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு மனசு வருமா என்று பதில் வந்தது.

1914 ஆடி மாதத்தில், எங்கேயோ ஐரோப்பாவில் சண்டை மூண்டதாகத் தபால்காரர் சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில், பொட்டலில் ஒரு பாவு முழுவதும் ஒரே நேரத்தில் அறுந்ததை அருமைநாயகம் கொல்லையிலிருந்து பார்த்தார். ஆபிதா பீவி முடிச்சுப் போட உட்காரவில்லை. நூலைப் பார்த்தபடி நின்றார். அருமைநாயகம் இன்பமணியிடம் சொன்னார், ஊரெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன், இன்னும் யாரிடம் சொல்ல?

"மெச்சுத ஆளுககிட்டயே போய்ச் சொல்லுதிய. மெச்சத்தான் செய்வாக" என்றார் இன்பமணி. "யாரு கம்பு பட்டுதோ அந்த ஆளு அங்கனதான் இருக்காரு. கம்ப எடுத்துக்கிட்டுப் போங்க. இருங்க, வேட்டிய இறுக்கிக் கட்டி விடுதேன்."

பாவடிப்பேட்டைக்கு அவர் நடந்து போவதை இரண்டு ஊரும் பார்த்தது. காஜா முகைதீன் வீட்டுக் கூரை ஓலைக்கூரை. வெளிச்சத்துக்காகத் தறிக்கு நேர் மேலே இரண்டு ஓலையை விலக்கி வைத்திருந்தார்கள். அருமைநாயகம் அது வழியாக முகத்தை வைத்துப் பார்த்தார். கீழே, குழிக்குள் காலும் நூலில் கண்ணுமாகக் காஜா முகைதீன் நெய்துகொண்டிருந்தார்.

"வாத்தியாரே, கூரையப் பிடிக்காதியும், சரிஞ்சிரும்" என்றார் ஆபிதா பீவி. "வெளிச்சத்தையும் மறைக்காதியும்."

"காஜா, எனக்குப் பட்டுது."

காஜா முகைதீன் கையிலிருந்த ஓட்டத்தை முடித்து, குறுக்குநூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்தார். "மேல இருந்து சொன்னா செல்லாதுல்லா அண்ணாச்சி. விதி ஒமக்குத் தெரியாதா?"

"குனிய வரல."

காஜா முகைதீன் குழியிலிருந்து எழுந்து முற்றத்துக்கு வந்தார். சரியாகக் கட்டாத பாவைப் பார்ப்பது போல அருமைநாயகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கணுக்காலருகே குத்தவைத்து, முட்டியைத் தட்டினார். கட்டையைத் தட்டின சத்தம் கேட்டது.

"நீரு நேரா நிக்கல வே, வெறைச்சு நிக்கீரு. பாவ இறுக்குததுக்கு ஒரு அளவு இருக்கு. ரொம்ப இறுக்கினா பாக்க நேரா இருக்கும், நாடா பட்டதும் அந்துரும். முட்டிய வுடும்."

"வுட முடியல."

"மூச்ச வுடும் மொதல்ல. எத்தன வருசமா பிடிச்சு வச்சிருக்கீரு?"

அருமைநாயகம் மூச்சை விட்டார். அது விடுகிற அளவுக்கு விட்டுக்கொண்டே இருந்தது. முற்றத்தில் காய்ந்த நூல்கண்டுகள் உருண்டு வேலியில் போய் ஒட்டின. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போனவர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு வலது முட்டி இளகியது, பிறகு இடது. பாரம் எங்கிருந்தோ இறங்கி உள்ளங்காலுக்கு வந்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு தனக்குக் கால் இருப்பது அவருக்குத் தெரிந்தது. காஜா முகைதீன் குதிகாலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பைய, பைய, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அருமைநாயகம் குத்தவைத்தார். அதன் பிறகு முதுகெலும்பு, சாயங்காலம் கோழிகள் கூண்டுக்குள் போவது போல, ஒவ்வொன்றாக வளைந்தது. நீளமான முதுகு, அவசரப்படுத்த முடியாது. அவர் கை தரையைத் தொட்டபோது பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கம்பைக் காஜா முகைதீனின் காலடியில் படுக்க வைத்து, "பட்டுது" என்றார். ஈ பறந்துவிட்டது.

காஜா முகைதீன் கம்பைப் பார்த்தார். "இது எதுக்கு?" என்று கேட்டார்.

"அன்னைக்குப் பட்டதுக்கு."

"அதாம், எதுக்கு?"

அருமைநாயகத்துக்குக் கேள்வி புரியவில்லை. காஜா முகைதீன் ஆபிதா பீவியைப் பார்த்தார். ஆபிதா பீவி வேலியில் ஒட்டியிருந்த நூல்கண்டைப் பார்த்தார். "சரி, வச்சிட்டீருல்லா. எந்திரியும், கொஞ்சம் மோரு குடிச்சிட்டுப் போவும்" என்றார் காஜா முகைதீன்.

மறுநாள் விடியும்போது பாவடிப்பேட்டையின் பாவுகள் மருத நிழலில் இருந்தன. பள்ளிக்கூட நிர்வாகம் முதலில் மறுத்தது. ஆனால் எட்டேகால் அடி ஆளிடம் மறுத்துப் பேசுவதென்றால் அண்ணாந்து பேச வேண்டும். அரைமணி நேரத்தில் கழுத்து வலித்து இணங்கியது. டிரில் சாயங்காலத்துக்குப் போயிற்று. பிள்ளைகள் முதலில் குத்தவைத்துக் கைப்பிடி மண் எடுக்கப் பழகினார்கள். கப்பலேறினவர்களில் நாலு வீட்டார்தான் திரும்பி வந்தார்கள். மற்ற ஆறு வீட்டுத் தறிக்குழிகள் மண் தூர்ந்தே கிடந்தன. அருமைநாயகம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் நின்றுவிட்டுத்தான் போவார். அவர் உயரம் குறையவில்லை. குறையும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பாராட்டினால் நீள்வது மட்டும் நின்றுவிட்டது, குனிய வந்தது, அவ்வளவுதான். ஆலயத்தில் கூரை ஓடு மாற்ற வேண்டியிருந்தால் அவரைக் கூப்பிடுவார்கள்.

காஜா முகைதீன் கேட்ட கேள்வி அவரை விடவில்லை. ஆவணியில் ஒருநாள், வேட்டி கட்டிவிட வந்த இன்பமணியிடம் கேட்டார். "எதுக்கு, எதுக்குன்னு கேட்டாம்ல அந்தக் காஜா? பட்டது ஒண்ணுதான?"

இன்பமணி வேட்டித் தலைப்பைப் பல்லில் கடித்திருந்தார். அதை எடுத்துவிட்டு, "தொவச்சவ நாம்லா" என்றார்.

"எத?"

"முதுவுல பட்டது மூணாவது. அதுக்கு முன்ன ரெண்டு தடவ அவரு கம்பத் தாழ்த்திக்கிட்டு நின்னாரே, எதுக்குன்னு நெனச்சிய? நெஞ்ச முன்ன தள்ளி முட்டியப் பூட்டினா, பின்னால எது தள்ளிக்கிட்டு நிக்கும்? அங்கனதான் ரெண்டும்."

"எல்லாரும் பாத்தாகளா?"

இன்பமணி முடிச்சை இறுக்கிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் தோப்பிலிருந்து ஆலயம் வரைக்கும் ஊர்வலம் போனது. அருமைநாயகம் முன்னால் நடந்தார். பாதிரியார், தலைமையாசிரியர், ஞானையா, நாற்பது பிள்ளைகள், ஜெபநல்லூர் முழுவதும் அவருக்குப் பின்னால் நடந்தது. அவர் போட்டிருந்தது வெள்ளைக் கால்சட்டை.